வறுக்காத பயறு

தம்பிக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் வலி மட்டும் எப்போதும்போல், மழை வந்தால் வருகிறது, மழை போனாலும் போக மாட்டேன் என்கிறது.

நீ அனுப்பிய கடிதமும் அதோடு வந்த பயறுப் பொட்டலமும் போன வாரமே கைக்குக் கிடைத்தன. உன் தங்கைதான் கடிதத்தை உரக்கப் படித்தாள். நீ வேலை பார்க்கிற சுரங்கத்துக்கு வந்திருக்கும் ஜப்பான் எஞ்சினியர் உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டது, குளிர்காலம் முடிகிற நாளில் வறுத்த சோயா பயறை வீடெல்லாம் வீசிப் பேயை விரட்டுவது அவர்கள் வழக்கம் என்று சொன்னது, அவருடைய பிள்ளைகள் உனக்குச் சிவப்புக் காகித முகமூடியை மாட்டிப் பேயாக்கி, ‘ஓனி வா சோத்தோ, ஃபுக்கு வா உச்சி’ என்று கத்திக்கொண்டு வாசல்வரை துரத்தியது, எல்லாம் எழுதியிருந்தாய். ‘பேயே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா’ என்று பொருளும் போட்டிருந்தாய். வறுக்காத பயறை வீசி, அது முளைத்துவிட்டால் விரட்டிய பேய் வீட்டுக்கே திரும்பிவிடும் என்று எஞ்சினியர் மனைவி சொன்னதைப் படிக்கும்போது உன் தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். “அப்பாவுக்கு ஜப்பான்காரன்னாலே ஆகாதும்மா, பேரைக் கேட்டாலே எந்திரிச்சிப் போயிடுறாரு” என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

பயறைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருடம் கரண்டி பிடித்தவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வறுத்தவர்களுக்குப் பொறுமை போதாது. தீ அதிகம். ஒரு பக்கம் கருகியிருக்கிறது, மறுபக்கம் வெளுத்திருக்கிறது. சோயா பயறைச் சின்னத் தீயில் போட்டுக் கை விடாமல் புரட்ட வேண்டும். ஆனாலும் உள்வரைக்கும் வெந்திருக்கிறது, ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். அதற்குமேல் தின்ன மனம் வரவில்லை. பொட்டலத்தை அலமாரியில் உன் படிவத்தின்மேல் வைத்துப் பூட்டிவிட்டேன்.

படிவத்தைப் பற்றித்தான் நீ கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாய். ஜப்பானில் இரண்டு வருடம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, உனக்கு இருபத்தொன்று ஆகாததால் தகப்பன் கையெழுத்து வேண்டும், மார்ச் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் வேறு ஒருவனுக்குப் போய்விடும். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில், “அந்த நாட்டுக்குப் போற மகன் எனக்கு வேணாம்” என்று சொன்னேன். நீ கையைக் கழுவிவிட்டு எழுந்தாய். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை, உனக்கு அவ்வளவு ரோஷமாவது இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அம்மா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு இந்தக் காஜா பெராங் வட்டாரம் முழுக்க ஒரு காரணம் சொல்வார்கள். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை, மானஸ்தன், என்பார்கள். நீயும் அதைத்தான் நம்புகிறாய். ஆறு மாதத்துக்கு முன்னால் மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமானபோது எல்லோரும் பழையதைப் பேசினார்கள், நானும் பேசினேன். நான் சொன்னதில் ஒரு பெரிய பொய் இருக்கிறது தம்பி. அதை உன்னிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாலும் தப்பு, போடாமல் இருந்தாலும் தப்பு. ஒரு வாரமாக அலமாரிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறேன். அதனால் இதை எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

கிளேபாங் கடற்கரைப் பங்களாவில் நான் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் குசினி பார்த்தது உனக்குத் தெரியும். ஜப்பான் படை நெருங்கியதும் துரை ஒருநாள் காரில் சிங்கப்பூருக்குக் கிளம்பினார், திரும்பவே இல்லை. பிறகு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். மேசை, நாற்காலி, கட்டில், சமையல்காரன். அப்படித்தான் நானும் அந்த வீட்டோடு சேர்ந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் மட்டும் வீட்டுக்கு வந்து உங்களைப் பார்க்க அனுமதிச் சீட்டுக் கொடுப்பார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பேன். ஆனால் வேலையில்லாமல் ரோட்டில் நடக்கிற ஆண்களை லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் யாரும் கடிதம் போடவில்லை. அந்தக் கேட்டுக்குள் இருக்கிறவரை லாரி என்னைத் தொடாது, வெளியே வந்தால் விடாது. மாலை ஐந்து மணிக்குக் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்கும்போது நெஞ்சு அடைக்கும், தப்பித்தோம் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில்.

அங்கே வேலைக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இன்னொருவர் தோட்டக்காரர், மாணிக்கம். நம் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இந்த மண்ணில் குடியேறிய வம்சம். பெயர் தமிழ், கும்பிடுகிற சாமி நம் சாமி, விபூதியும் பூசுவார், பேச்சு மட்டும் மலாய். அண்ணனை மலாய்க்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி நான் அவரைப் ‘பாங்’ என்பேன், அவர் என்னைக் ‘குக்கி’ என்பார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அப்போது முப்பத்தெட்டு. வாசற்படியின் இரண்டு பக்கமும் கல்வாழை வைத்திருந்தார். அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். சமையலறைப் பின்பக்கம் உட்கார்ந்து நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்போம். அந்த வீட்டில் மனுஷனாக நான் பேசியது அவரோடு மட்டும்தான்.

மறு வருடம் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அதிகாரி குசினிக்குள் வந்தார். கையில் இரண்டு படி சோயா பயறு. அரிசிக்கே வழியில்லாத காலத்தில் அதை எங்கே பிடித்தாரோ. வறுக்க வேண்டும் என்று கையால் புரட்டிக் காட்டினார், சாயங்காலம் தயாராக இருக்க வேண்டும் என்றார். அரைகுறை மலாயில் விஷயத்தையும் சொன்னார். அவர் ஊரில் ஐந்து வயது மகள் இருக்கிறாளாம். இந்த நாளில் அவர்தான் பேய் வேஷம் போடுவாராம், மகள் பயறால் அடித்துத் துரத்துவாளாம். சட்டைப்பையிலிருந்து அவள் படத்தை எடுத்துக் காட்டினார். உன் வயதுதான் அவளுக்கும். அந்த மனுஷன் ராட்சசன் என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் அன்றைக்கு அப்படி இல்லை.

இப்போது உன் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. கால் இரண்டும் வீங்கி, கண் மட்டும் பெரிதாக, அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மா மடியில் கிடந்தாள். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கிழங்குக் கஞ்சி உள்ளே தங்கவில்லை. பயறு கிடைத்தால் ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் கொடு என்று ஒரு சீனக் கிழவி சொல்லியிருந்தாளாம், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா அதைச் சொல்லி அழுதாள். பயறுக்கு எங்கே போவது என்று திட்டிவிட்டு வந்திருந்தேன். இப்போது இரண்டு படி என் கையில். ஆனால் வறுத்த பயறில் பால் எடுக்க முடியாது. நான் ஒரு வேலை செய்தேன். தின்பதற்கும் மேலே பரப்புவதற்கும் வேண்டிய அளவு மட்டும் நன்றாக வறுத்தேன். மீதியைப் பச்சையாகவே, அவர் பயறு போடக் கொடுத்த பெட்டிக்கு அடியில் கொட்டி, வறுத்ததை மேலே பரப்பினேன். வீசுகிற பயறுதானே, வறுத்தால் என்ன, வறுக்காவிட்டால் என்ன, நாளைக்குக் கூட்டி அள்ளுபவன் நான்தானே என்று கணக்குப் போட்டேன். அவர்கள் ஏன் வறுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தின்ன ருசியாக இருப்பதற்காக என்றுதான் நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். அதிகாரி தன் ஊர் உடையில் நின்றார். மாணிக்கத்தை வரச் சொல்லி, தானே வரைந்த சிவப்பு முகமூடியை அவர் முகத்தில் கட்டினார். பெட்டியை என் கையில் கொடுத்து வார்த்தைகளைச் சொல்லித் தந்தார், நான் சரியாகச் சொல்கிறவரை நான்கைந்து தடவை சொல்ல வைத்தார். பிறகு அறை அறையாகப் போனோம். மாணிக்கம் முன்னால் ஓட, நான் பயறை எறிந்துகொண்டு, ஓனி வா சோத்தோ என்று கத்திக்கொண்டு பின்னால். இருட்டடிப்புக்காகக் கறுப்புத் துணி சுற்றிய விளக்கு ஒன்றுதான், பயறு வெந்ததா வேகாததா என்று யாருக்கும் தெரியாது. மாணிக்கம் வேண்டுமென்றே கையைக் காலை ஆட்டிக் கூத்தடித்தார், அதிகாரி சிரித்தார், நானும் சிரித்தேன். வாசற்படிக்கு வந்ததும் கடைசிப் பிடியை அள்ளி அவர் முதுகில் எறிந்து வெளியே விரட்டினேன். அவர் கல்வாழைப் பாத்தியைத் தாண்டி ஓடினார். பிறகு மூன்று பேரும் ஒவ்வொரு வயதுக்கும் ஒன்று, வருகிற வருடத்துக்கு ஒன்று என்று, தனியாக எடுத்துவைத்திருந்த வறுத்த பயறை எண்ணித் தின்றோம். தம்பி, உன் கடிதத்தில் பேய் வேஷம் போட்டவன் நீதான் என்று கேட்டபின் நான் ஏன் எழுந்து போனேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

அன்றைக்கே வீட்டுக்குள்ளும் வராந்தாவிலும் ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளி, தண்ணீரில் அலசி, துணியில் முடிந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். அம்மா அதை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தாள். உன் தங்கை முதல் நாள் நான்கு கரண்டி குடித்தாள், கக்கவில்லை. சக்கையில் உப்புப் போட்டு உனக்குக் கொடுத்தோம். அது எவ்வளவு ருசி என்று நீ பெரியவனானபிறகும் சொல்லியிருக்கிறாய். ஒவ்வொரு தடவை நீ அதைச் சொல்லும்போதும் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். ஒரு மாதத்தில் அவள் கால் வீக்கம் வடிந்தது.

ஆனால் வெளியே எறிந்ததை நான் மறந்துவிட்டேன். பத்து நாள் போயிருக்கும், இரண்டு மழை பெய்தது. ஒரு காலை மாணிக்கம் குசினி ஜன்னலுக்கு வந்தார். அவர் மலாயில் பேசியதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன்.

“குக்கி, வாசல்ல உன் பயறு முளைச்சிருக்கு. ஒம்பது செடி. பச்சையாவா எறிஞ்ச?”

“மெதுவா பேசுங்க பாங். பிள்ளைக்கு வேணும்னு கொஞ்சம் வச்சேன்.”

“நினைச்சேன். பிடுங்கிடட்டுமா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “முளைச்சதைப் போய் யாராவது பிடுங்குவாங்களா பாங்? நல்ல சகுனம். எங்க கல்யாணத்துல முளைப்பாலிகையே வைப்போம். விடுங்க, காய்ச்சா பிள்ளைக்கு ஆகும்.” அவர் தலையை ஆட்டினார். “நீ சொன்னா சரி,” என்றார். கல்வாழைக்கு ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் அதற்கும் ஊற்றினார். நம் ஆட்களுக்கு முளை என்றால் மங்கலம். அதைத் தாண்டி வேறு விதமாக யோசிக்க என் புத்திக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி படியில் இறங்கும்போது நின்றுவிட்டார். குந்தி உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சோயா முளைக்கும்போது பயறின் இரண்டு பாதியும் செடியோடு மேலே வந்துவிடும், மறைக்க முடியாது. எழுந்தபோது அவர் முகம் வேறு முகமாக இருந்தது. எறிந்த பயறு முளைத்தால் வீட்டுக்குக் கெட்டது வரும் என்றார். எந்த வீட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை, ஆனால் கை சட்டைப்பைமேல் இருந்தது. எங்கள் இருவரையும் நிற்க வைத்து, “சியாப்பா?” என்று கேட்டார். யார் என்று கேட்கிறார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “நான் எல்லாத்தையும் வறுத்தேன் துவான். இது தோட்டக்காரர் பச்சையா எடுத்து நட்டது.” அந்தச் சமயம் வீட்டுக்கு வீடு ஏதாவது நடச் சொல்லி உத்தரவு இருந்ததால் நம்பும்படியாகவும் இருந்தது. மாணிக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளை விஷயத்தைச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை. அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்தார், விபூதி பறந்தது. மீதி எட்டுச் செடியையும் மாணிக்கத்தின் கையாலேயே பிடுங்க வைத்தார். இரண்டாம் நாள் காலையில் மாணிக்கத்தை ஏற்றிப்போக லாரி வந்தது. நான் குசினியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது, நான் வெளியே வந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கல்வாழைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்கும்போது தப்பித்தோம் என்கிற நினைப்பு அதன்பின் வரவே இல்லை, அடைப்பு மட்டும் வந்தது. சண்டை முடிந்து கேட்டைத் திறந்துவிட்டார்கள். வெளியே வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சில மாதத்தில் மாணிக்கமும் சயாமிலிருந்து திரும்பி வந்தார், ஒரு கால் இல்லாத மாதிரி இழுத்துக்கொண்டு, பாதி உடம்போடு. அவர் மனைவி பலகாரம் சுட்டு விற்று வீட்டைக் காப்பாற்றியிருந்தாள். அவர் வீடு நம் வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளி.

சின்ன வயதில் நீ கேட்பாய், ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குச் சாமான் வாங்கப் போகும்போது நேர்ச் சந்தை விட்டுவிட்டு ஏன் பெரிய ரோட்டைச் சுற்றிப் போகிறோம் என்று. அந்தச் சந்தில் நாய் இருக்கிறது என்றேன். பன்னிரண்டு வருடம் அந்த நாய்க்கு நான் பயந்திருக்கிறேன். குருபோங் பக்கம் இடம் மலிவு, போய்விடலாம் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டாள். மாட்டேன் என்றேன். ஊரை விட்டுப் போனால் எதற்குப் போனான் என்று யாராவது கேட்பார்கள், அவர் சொல்லிவிடுவார் என்று பயம். இங்கேயே இருந்தால் என்றாவது எதிரில் வந்துவிடுவார் என்று பயம். கோயிலில் அவர் தெற்கு வாசலில் வந்தால் நான் வடக்கு வாசலில் போவேன். அவர் ஒரு வார்த்தைகூட யாரிடமும் சொல்லவில்லை, அதுவே என் கழுத்தை இறுக்கியது. ஒருநாளாவது நடுத்தெருவில் சட்டையைப் பிடித்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மெர்டேக்காவுக்கு அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள் இல்லையா, நீ வர முடியவில்லை என்று வருத்தப்பட்டாயே, நல்லவேளை வரவில்லை. பங்களாவைப் பற்றிச் சொன்னேன், கிழங்கைப் பற்றிச் சொன்னேன். ஜனங்கள் உச்சுக் கொட்டக் கொட்ட எனக்கு வேகம் வந்துவிட்டது. செய்யாத குற்றத்துக்கு அதிகாரி என்னைக் கன்னத்தில் அறைந்தார், நெற்றி விபூதி பறந்தது என்றேன். சொல்லி முடித்தபிறகுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். மாணிக்கம் கம்பை முழங்காலில் சாத்திவைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. ஆனால் நான் கன்னத்தில் கை வைத்துக் காட்டியிருந்தேன். எல்லோரும் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

ஆகவே தம்பி, நான் கையெழுத்துப் போடாதது ஜப்பான்காரன் மேலுள்ள கோபத்தால் இல்லை. அந்தக் கோபத்தை நான் சட்டையாகப் போட்டுக்கொண்டு திரிந்தேன், உள்ளே இருப்பது தெரியக்கூடாது என்று. நீ அங்கே போனால், அந்த ஜனங்களும் மனுஷர்கள்தான் என்று எழுதுவாய், வந்து சொல்வாய். பிறகு நான் படுகிற பாட்டுக்கு யாரைக் காரணம் காட்டுவேன்? அதற்காக உன் வழியை மறித்தேன். பெற்றவன் செய்கிற வேலையா இது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அப்பன் என்கிற உரிமையில். யார் செய்தது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் உன் பெயரைச் சொல்லிவிடு. அறைவார்கள், அறையட்டும். ஒரு மூச்சு நேரம் யோசித்தால் போதும், அதற்குள் இன்னொருவன் பெயர் நாக்குக்கு வந்துவிடும்.

நேற்று இவ்வளவும் எழுதிவிட்டு நிறுத்தினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்று படிவத்தை எடுத்தேன், மேலே பொட்டலம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து வருடமாக அவளுக்கும் தெரியாது. அவள் அழவில்லை. “அந்தப் பாலை நான் கொடுத்தேனேங்க,” என்றாள். பிறகு, “எந்திரிங்க, வெயில் தாழ்ந்திருச்சு. போய்ட்டு வாங்க,” என்றாள்.

சந்தில் நாய் எதுவும் இல்லை. மாணிக்கத்தின் மனைவிதான் கதவருகில் இருந்தாள், என்னைப் பார்த்துக் கொஞ்சம் நின்றுவிட்டு, “மசோக்,” என்றாள், உள்ளே வாங்க என்று. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. “பாங், அன்னிக்கு நீங்க இல்ல, நான்,” என்றேன்.

“தெரியும்,” என்றார்.

“பிடுங்கட்டுமான்னு கேட்டீங்க. வேணாம்னேன்.”

“ஆமா. பிடுங்கியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.”

அவர் குரலில் கோபம் இல்லை, இளக்கமும் இல்லை. சுவரில் இருக்கிற விரிசலைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார். பிறகு, “உன் பொண்ணு தினம் இந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது,” என்றார். அது எனக்குத் தெரியாது தம்பி. அவளுக்கு நாய்க் கதையை நான் சொன்னதே இல்லை. “சில நாளு அதைப் பார்த்தா எரிச்சலா வரும். இந்தக் காலு அதுக்குப் போனதுன்னு தோணும். சில நாளு, ஓடுதே, பரவாயில்லன்னு தோணும். ஒவ்வொரு நாளும் ஒண்ணு.” நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். கம்பால் தடுத்தார். “அதெல்லாம் வேணாம். கையில என்ன?”

நீ அனுப்பியது என்று சொன்னேன், எங்கிருந்து என்றும் சொன்னேன், படிவத்தைப் பற்றியும் சொன்னேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு பயறை எடுத்து இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார். பக்கப் பல்லில் வைத்துக் கடித்தார். நிதானமாக மென்றார். “இது வறுத்தது,” என்றார். தீ கொஞ்சம் அதிகம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு அவர் மடியில் ஐம்பத்து நான்கு பயறை எண்ணி எடுத்துக்கொண்டார். வயதுக்கு ஐம்பத்து மூன்று, வருகிற வருடத்துக்கு ஒன்று. அவருக்கும் மறக்கவில்லை. மீதியைச் சுருட்டி என்னிடம் கொடுத்து, “பையனை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்க? அவன் என்ன பண்ணான்? விடு, போகட்டும்,” என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் வருகிறேன் என்றேன், அவர் தலையை அசைத்தார்.

வாசற்படி இறங்கியிருப்பேன். முதுகில் சின்னதாக ஏதோ பட்டது. கீழே பார்த்தால் ஒரு பயறு. திரும்பிப் பார்த்தேன். அவர் பெஞ்சைவிட்டு எழுந்து கம்பை ஊன்றி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். இன்னொன்றை எடுத்து என் நெஞ்சைப் பார்த்து எறிந்தார். “ஓனி வா சோத்தோ,” என்றார், சத்தமில்லாமல், நான் அன்றைக்குச் சொன்ன அதே இழுப்போடு. விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. ‘பாக்கியமே உள்ளே வா’ என்கிற இரண்டாவது பாதிக்காக நான் அந்த வெயிலில் நின்றேன். அவர் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

நேர்ச் சந்திலேயே நடந்து வீட்டுக்கு வந்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக எடுத்துக்கொள். அங்கே குளிர் அதிகமாம், கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதமாவது போடு. அடுத்த வருடம் அந்த நாள் வரும்போது, அங்கே யாராவது ஒரு வீட்டில் உன் கையில் பெட்டியைக் கொடுத்தால், முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தாதே. இரண்டாவது பாதியையும் கொஞ்சம் உரக்கவே சொல். எனக்காக ஒரு தடவை, அவருக்காக ஒரு தடவை.

உன் அப்பா